இவி வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் ஒரு நோட்டு போடுங்க

இவிக்கு, அதாவது பேட்டரில ஓடுற எலக்ட்ரிக் காருக்கு மாறலாமா, இல்ல இன்னொரு பெட்ரோல் வண்டியே எடுத்துடலாமான்னு கேக்குறவங்க கிட்ட நான் திருப்பி ரெண்டே ரெண்டு கேள்விதான் கேப்பேன். இப்ப ஓட்டுற வண்டி 100 கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர் குடிக்குது? போன மாசத்துல ரொம்ப தூரம் ஓட்டுன நாள் எது, அன்னைக்கு எவ்ளோ தூரம்? முக்காவாசி பேருக்கு பதில் தெரியாது, வாங்கும்போது ஷோரூம்ல சொன்ன மைலேஜ் நம்பர் மட்டும் ஞாபகத்துல இருக்கும், அதுவும் அந்த வண்டி ஒரு நாளும் தொடாத நம்பரா இருக்கும். இது ரெண்டும் தெரியாம எந்த வண்டி வாங்கினாலும் அது அடுத்தவங்க வாழ்க்கைக்கு வாங்குன வண்டிதான், அதனால இந்த கைடு ஓட்டக் கணக்கு எழுதுற நோட்டுல இருந்து ஆரம்பிக்குது.

நோட்டு எப்படி போடுறது

டேங்க் ஃபுல் பண்ணுங்க, நாசில் தானா ஒரு தடவ டப்புன்னு நின்னதும் போதும்னு சொல்லிடுங்க, அதுக்கு மேல ரவுண்டா வர்றதுக்காக இன்னும் கொஞ்சம் கொஞ்சமா அமுக்கி ஊத்த விடாதீங்க, அப்படி ஊத்தினா கணக்கும் தப்பும், டேங்க்ல இருந்து வர்ற ஆவிய புடிக்கிறதுக்குன்னு வச்சிருக்குற கரி டப்பாவுக்குள்ள பெட்ரோல் போயி அதுவும் கெட்டுடும். ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணுங்க. அடுத்த தடவ அதே பங்க்ல, முடிஞ்சா அதே பம்புல, அதே மாதிரி ஒரு டப்பு வரைக்கும் ஊத்துங்க. பில்லுல இருக்குற லிட்டர், ட்ரிப் மீட்டர்ல இருக்குற கிலோமீட்டர், ரெண்டையும் எழுதுங்க, பக்கத்துல ஒரு வார்த்தை சேத்துக்கோங்க, டவுன், ஹைவே, மழை, நாலு பேர் லக்கேஜோட, அப்படி. அந்த ஒரு வார்த்தைதான் ரெண்டு மாசம் கழிச்சு உண்மையான விஷயத்த சொல்லும்.

ஒரு தடவ எடுத்த கணக்க நம்பாதீங்க, தரை கொஞ்சம் சாஞ்சிருந்தா கூட ஒரு லிட்டர் முன்ன பின்ன ஆகும், நாலஞ்சு தடவ ஃபுல் பண்ணதுக்கு அப்புறம் மொத்த லிட்டரையும் மொத்த கிலோமீட்டரையும் வச்சு போடுங்க. டேஷ்போர்டுல காட்டுற சராசரியையும் பக்கத்துல எழுதி வைங்க, நிறைய வண்டியில அது கொஞ்சம் தாராளமாவே காட்டும், உங்க வண்டி எவ்ளோ கூட்டி சொல்லுதுன்னு தெரிஞ்சுட்டா அதுக்கப்புறம் அத பாத்தே கணக்கு போட்டுக்கலாம்.

இன்னொரு பக்கத்துல ஒவ்வொரு நாளும் ஓட்டுன தூரத்த மட்டும் எழுதுங்க. வேற ஒன்னும் வேண்டாம், தேதி, கிலோமீட்டர், அவ்ளோதான். இந்த பக்கம் எதுக்குன்னு பின்னாடி சொல்றேன், இவி முடிவுக்கு இதுதான் உயிர்.

லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர்ங்குற கணக்கு நம்மள ஏமாத்தும்

நம்ம எல்லாரும் லிட்டருக்கு இத்தன கிலோமீட்டர்னுதான் பேசி பழகிட்டோம். அதுல ஒரு குழி இருக்கு, பெரிய குழி. ஒருத்தர் லிட்டருக்கு 8 குடுக்குற பழைய பெரிய வண்டிய வித்துட்டு 10 குடுக்குற வண்டி வாங்குறாரு. இன்னொருத்தர் 20 குடுக்குற சின்ன வண்டிய குடுத்துட்டு 25 குடுக்குறத வாங்குறாரு. யாருக்கு அதிகமா மிச்சம்னு கேட்டா உடனே ரெண்டாவது ஆளுன்னுதான் தோணும், 5 கூடியிருக்கே. 10,000 கிலோமீட்டருக்கு போட்டு பாருங்க. முதல் ஆளு 1250 லிட்டர்ல இருந்து 1000 லிட்டருக்கு வந்துட்டாரு, 250 லிட்டர் மிச்சம். ரெண்டாவது ஆளு 500ல இருந்து 400, வெறும் 100 லிட்டர். நமக்கு காசு போறது லிட்டருக்குதான், அதனால 100 கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர்னு எழுதி பழகுங்க, உலகத்துல நிறைய நாட்டுல அப்படித்தான் வண்டி மேலயே எழுதி விக்கிறாங்க.

வீட்ல ரெண்டு வண்டி இருந்தா இந்த கணக்கு இன்னும் முக்கியம். எங்க வீட்லயும் ரெண்டு இருந்துச்சு, மாத்துறதா இருந்தா சின்னதத்தான் மாத்தணும்னு எல்லாரும் சொன்னாங்க, அதுதான் பழசு, நோட்ட எடுத்து பாத்தா பெரிய வண்டிதான் தினமும் டவுனுக்குள்ள 12 கிலோமீட்டர் போயிட்டு வந்து 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிச்சிட்டு இருந்துச்சு. மொதல்ல மாத்த வேண்டியது எதுன்னு அப்பவே தெளிவாயிடுச்சு.

பெட்ரோல் எங்க போகுது

ஒரு லிட்டர் பெட்ரோல்ல ஏறக்குறைய 9 யூனிட் கரண்டுக்கு சமமான சக்தி இருக்கு, அதாவது 32 மெகாஜூல் கிட்ட. அதுல சக்கரத்துக்கு போயி சேர்றது மொத்தமா பாத்தா கால் பங்குதான், டவுனுக்குள்ள அதுவும் கம்மி, மீதி எல்லாம் ரேடியேட்டர் வழியாவும் சைலன்சர் வழியாவும் சூடா போயிடும். சக்கரத்துக்கு வந்து சேர்ந்தத நம்ம எங்க செலவு பண்றோம்ங்குறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு.

டவுனுக்குள்ள அது பிரேக்ல போகுது. 1200 கிலோ இருக்குற கார 50 கிலோமீட்டர் வேகத்துல இருந்து முழுசா நிறுத்தினா ஏறக்குறைய 115 கிலோஜூல் பிரேக் டிஸ்க்ல சூடாகி காத்துல கரைஞ்சிடும். ஒரு லிட்டர்ல கால் பங்கா சக்கரத்துக்கு வர்ற 8 மெகாஜூல இதால வகுத்து பாருங்க, ஏறக்குறைய 70 தடவ அப்படி நிறுத்தினா ஒரு லிட்டர் பெட்ரோல் முழுக்க பிரேக்குக்கே குடுத்தாச்சு. சிக்னல் நிறைய இருக்குற ரோட்ல 70 தடவங்குறது ரெண்டு மூணு நாள் சமாச்சாரம். அதனால டவுன் மைலேஜ கூட்டணும்னா ஒரே வழிதான், தூரத்துல சிவப்பு தெரியும்போதே கால எடுத்துடுங்க, முன்னாடி வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல இடம் விடுங்க, அந்த இடம்தான் உங்க பெட்ரோல், யாராவது நுழைஞ்சா நுழையட்டும், திரும்ப கொஞ்சம் இடம் விட்டுக்கோங்க.

ஹைவேல கதை வேற, அங்க பிரேக் இல்ல, காத்துதான் எதிரி. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80ல போறதுக்கும் 100ல போறதுக்கும் வேகம் கால் பங்குதான் கூடுது, காத்து தள்ளுற தள்ளு ஒன்றரை மடங்குக்கு மேல ஆயிடும். 100ல இருந்து 120க்கு போனா மறுபடி 44 சதவீதம் கூடும், ஆனா 100 கிலோமீட்டர் தூரத்துக்கு நீங்க மிச்சம் பண்ற நேரம் வெறும் 10 நிமிஷம். இத நான் நோட்டுல பாத்த அப்புறம்தான் நம்புனேன், அதே ரோடு, அதே வண்டி, 90ல போன தடவையும் 115ல போன தடவையும் பக்கத்து பக்கத்து வரில எழுதியிருந்தேன், டேங்க்ல இருந்த வித்தியாசத்துக்கு வேற எந்த காரணமும் சொல்ல முடியல.

கூரை மேல கேரியர் பொட்டி மாட்டி வச்சிருக்கீங்களா, வேல முடிஞ்சதும் கழட்டிடுங்க. ஹைவே வேகத்துல அது மட்டுமே 10ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் தின்னும்னு அமெரிக்க எரிசக்தி துறை சொல்லுது, காலியா இருந்தாலும் காத்து அதுல மோதத்தான் செய்யும். டிக்கில கிடக்குற பழைய சாமான் 45 கிலோவுக்கு ஏறக்குறைய 1 சதவீதம்.

கால் சம்பந்தப்பட்ட சில விஷயம்

இறக்கத்துல நியூட்ரல் போடுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, எனக்கும் பல வருஷம் இருந்துச்சு, கார்புரேட்டர் காலத்துல கத்துக்குடுத்தது. இப்ப வர்ற இன்ஜெக்ஷன் வண்டியில அது தலைகீழ். கியர்லயே வச்சுட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா சக்கரமே இன்ஜின சுத்திக்கிட்டு இருக்கும், அதனால கம்ப்யூட்டர் இன்ஜெக்டர மூடிடும், பெட்ரோல் ஒரு சொட்டு கூட போகாது. நியூட்ரல்ல போட்டா இன்ஜின் அணையாம இருக்கணும்னு பெட்ரோல் ஊத்திக்கிட்டே இருக்கணும். மிச்சமும் இல்ல, மலை இறக்கத்துல இன்ஜின் பிரேக்கும் இல்ல, பிரேக் சூடாகி புடிக்காம போற ஆபத்து வேற. இத தயவுசெஞ்சு விட்டுடுங்க, உங்களுக்கு கார் ஓட்ட கத்துக்குடுத்தவர் இன்னும் நியூட்ரல் போட்டு ஓட்டுறார்னா அவர்கிட்டயும் சொல்லுங்க.

நின்ன இடத்துல இன்ஜின் ஓடினா சின்ன வண்டிக்கே மணிக்கு அரை லிட்டருக்கு மேல போகும், ஏசி போட்டா இன்னும் கூட. 10 செகண்டுக்கு மேல நிக்கப்போறோம்னு தெரிஞ்சா ஆஃப் பண்றதுதான் லாபம், திரும்ப ஸ்டார்ட் பண்றதுக்கு அத விட அதிகமா பெட்ரோல் போகாது. ஆனா ஓடுற ட்ராஃபிக்ல, வண்டி ஊர்ந்துகிட்டு இருக்கும்போது சாவிய திருப்பிகிட்டு இருக்காதீங்க, ரயில்வே கேட்டு, ஸ்கூல் வாசல், யாருக்காவது காத்திருக்குற நேரம், அந்த மாதிரி இடத்துல பண்ணுங்க.

காத்து. டயர் காத்த சொல்றேன். 1 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்த அளக்குற அளவு) குறைஞ்சா 0.2 சதவீதம் மைலேஜ் போகும், கேக்க சின்னதா இருக்கும், ஆனா மாசக்கணக்குல பாக்காம விட்டா 8, 10 பிஎஸ்ஐ குறைஞ்சு கிடக்குற டயர் சாதாரணம், மைலேஜ விடுங்க, ஓரம் தேஞ்சு சூடாகி வெடிக்கிறதுக்கும் அதுதான் காரணம். எத்தன காத்துங்குறத டயர் மேல பாக்காதீங்க, அங்க இருக்குறது அந்த டயர் தாங்குற உச்ச அளவு, டிரைவர் கதவு பக்கத்து தூண்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்லதான் உங்க வண்டிக்கான அளவு இருக்கும். காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போது பாக்கணும். சின்ன காத்து மீட்டர் ஒன்னு வாங்கி வண்டியிலயே வச்சுக்கோங்க, 15 நாளைக்கு ஒரு தடவ.

அப்புறம் சின்ன சின்ன ஓட்டம். இன்ஜின் சூடாகுற வரைக்கும் பெட்ரோல் அதிகமாத்தான் குடிக்கும், 2 கிலோமீட்டர் போயிட்டு வந்து நிறுத்தி, ஆறினதுக்கு அப்புறம் மறுபடி 2 கிலோமீட்டர் போனா வண்டி ஒரு தடவ கூட அதோட சரியான சூட்டுக்கு வராது. மூணு வேலைய ஒரே ஓட்டத்துல முடிங்க.

காசு போடாம இருக்க வேண்டிய இடமும் இருக்கு. உங்க வண்டி மேனுவல்ல சாதா பெட்ரோல்னு இருந்தா ப்ரீமியம் ஊத்தி மைலேஜ் கூடாது, ஆக்டேன்ங்குறது இன்ஜின் தட்டாம இருக்குறதுக்கான அளவு, சக்தியோட அளவு இல்ல. பெட்ரோல் பைப்ல காந்தம் மாட்டுறது, டேங்க்ல மாத்திரை போடுறது, இதுக்கெல்லாம் ஒரு ரூபா கூட குடுக்காதீங்க. ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தா இன்ஜெக்ஷன் வண்டியில இழுவைதான் குறையும், மைலேஜ் பெருசா மாறாது, ஆனாலும் டயத்துக்கு மாத்துங்க. எத்தனால் கலந்த பெட்ரோல் ஊத்தும்போது மைலேஜ் கொஞ்சம் இறங்குனா பயப்படாதீங்க, எத்தனால்ல லிட்டருக்கு மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, 10 சதவீதம் கலந்திருந்தா 3 சதவீதம் கிட்ட இறங்கும், நோட்டுல அது தெரியும்.

இப்ப இவி

மொதல்ல ஒன்னு. இவி புது சமாச்சாரம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்றவங்களுக்கு, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்த முதல்ல தாண்டுன கார் எலக்ட்ரிக் கார்தான், 1899ல, பெல்ஜியம்காரர் கமீல் ஜெனாட்சி ஓட்டுனாரு. அப்ப தோத்துப்போனதுக்கு காரணம் பேட்டரி கனம், தூரம் போகாது. பெட்ரோல் வண்டிய கையால சுத்தி ஸ்டார்ட் பண்ற கஷ்டமும் 1912ல காடிலாக் செல்ஃப் ஸ்டார்ட்டர் குடுத்ததோட போயிடுச்சு. மோட்டார் அன்னைக்கே நல்லா இருந்துச்சு, மாறுனது பேட்டரிதான், லித்தியம் அயான் 1991ல விற்பனைக்கு வந்துச்சு, அத கண்டுபுடிச்ச மூணு பேருக்கு 2019ல வேதியியல் நோபல் குடுத்தாங்க.

இப்ப ஒரு கணக்கு பாருங்க. 40 யூனிட் பேட்டரி இருக்குற கார்ல மொத்தமா இருக்குற சக்தி நாலரை லிட்டர் பெட்ரோலுக்கு சமம். நாலரை லிட்டர்! அத வச்சுகிட்டு டவுனுக்குள்ள 300 கிலோமீட்டர் போகுதுன்னா மோட்டார் எவ்ளோ கம்மியா வீணாக்குதுன்னு பாத்துக்கோங்க. பிரேக்ல சூடா வீணாக வேண்டிய சக்தியையும் மோட்டாரே டைனமோ மாதிரி திரும்பி சுத்தி பேட்டரிக்கு கணிசமா திருப்பி குடுத்துடும். அதனாலதான் பெட்ரோல் வண்டி திணறுற டவுன் ட்ராஃபிக்ல இவிக்கு ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜ்ல போற தூரம், கூடுது.

ஆனா இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு, வாங்குனதுக்கு அப்புறம் நிறைய பேர் அதிர்ச்சி ஆகுறது இங்கதான். பெட்ரோல் இன்ஜின் எப்பவுமே நிறைய வீணாக்கிகிட்டே இருக்குறதால காத்து, ஏசி, வேகம் எல்லாம் அந்த வீணுக்குள்ள மறைஞ்சு போயிடும். இவில மறைக்க ஒன்னும் இல்ல, இருக்குறதே நாலரை லிட்டர், அதனால 110ல போனா அந்த காத்து எதிர்ப்பு அப்படியே ரேஞ்ச்ல தெரியும். குளிர் ஊர்ல ஹீட்டரும் அப்படித்தான், பெட்ரோல் வண்டியில ஹீட்டர் ஓசி, எப்படியும் வீணா போற இன்ஜின் சூடு, இவில அது பேட்டரில இருந்து எடுக்கணும், உறைபனி நாள்ல ரேஞ்ச் 20, 30 சதவீதம் இறங்குறது சகஜம், ஹீட் பம்ப் (வெளிக்காத்துல இருக்குற சூட்ட உள்ள இழுத்து கம்மி கரண்ட்ல சூடாக்குறது) இருக்குற மாடல் கொஞ்சம் தாங்கும்.

அதனால விளம்பரத்துல இருக்குற ரேஞ்ச தள்ளி வச்சுட்டு நீங்களே போடுங்க. விளம்பர நம்பர் லேபுல ரோலர் மேல ஓட்டி எடுத்தது, ஐரோப்பாவுல பழைய என்இடிசி டெஸ்ட் ரொம்ப தாராளமா இருந்துச்சுன்னுதான் 2017ல இருந்து டபிள்யூஎல்டிபிங்குற புது டெஸ்டுக்கு மாறுனாங்க, அதுவும் வேகமான ஹைவேக்கு தாராளம்தான். உபயோகிக்க கிடைக்கிற பேட்டரி 40 யூனிட்னா, டவுன்ல 100 கிலோமீட்டருக்கு 13 யூனிட் வச்சா 300 கிலோமீட்டர். ஹைவேல 18 யூனிட் வச்சா 220. ஆனா ஹைவேல யாரும் ஜீரோ வரைக்கும் ஓட்ட மாட்டாங்க, 10 சதவீதம் மிச்சம் வைப்பாங்க, அப்போ வீட்ல இருந்து கிளம்புன முதல் ஓட்டம் 200 கிலோமீட்டர். அடுத்து ஃபாஸ்ட் சார்ஜர்ல 80 சதவீதத்தோட நிறுத்திடணும், 80க்கு மேல பேட்டரிய காப்பாத்துறதுக்காக சார்ஜ் ஆகுற வேகம் இறங்கிடும், கடைசி 20 ஏறுறதுக்கு முதல் 70 ஏறுன நேரமே ஆகும். அப்போ ரெண்டாவது ஓட்டம் 80ல இருந்து 10 வரைக்கும், 28 யூனிட், 155 கிலோமீட்டர். 300னு சொல்லி விக்கிற வண்டியில ஹைவேல நிறுத்தம் விட்டு நிறுத்தம் போறது 155, இத வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுகிட்டவங்க சந்தோஷமா ஓட்டுறாங்க, தெரியாம வாங்குனவங்க முதல் பயணத்துலயே வெறுத்துடுறாங்க.

இப்ப அந்த ரெண்டாவது பக்கத்த எடுங்க, தினமும் எழுதுன கிலோமீட்டர். அதுல 200க்கு மேல எத்தன நாள் இருக்கு? ரெண்டு மாசத்துல ஒன்னோ ரெண்டோ இருந்தா அந்த நாள்ல ஒரு நிறுத்தம் போடுறது பெரிய கஷ்டம் இல்ல. வாரத்துல மூணு நாள் இருக்கா, போற ரூட்ல ஃபாஸ்ட் சார்ஜர் கம்மியா, அப்போ இன்னும் பெரிய பேட்டரி பாருங்க, இல்ல இப்போதைக்கு பெட்ரோல் இன்ஜினும் மோட்டாரும் ரெண்டும் இருக்குற ஹைபிரிட் பாருங்க. பிளக் இல்லாத ஹைபிரிட் டவுனுக்குள்ள ரொம்ப நல்லா மிச்சம் பண்ணும். பிளக் இருக்குற ஹைபிரிட் வாங்குனா தினமும் சார்ஜ் போடுற ஆளா மட்டும் இருங்க, ரோட்ல அந்த வண்டிங்க விடுற கார்பன் டை ஆக்ஸைடு லேப் நம்பர விட சராசரியா மூன்றரை மடங்கு அதிகம்னு ஐரோப்பிய கமிஷன் 2024ல அறிக்கை குடுத்துச்சு, சார்ஜ் போடாம பெட்ரோல்லயே ஓட்டுறதுதான் பெரிய காரணம்.

வண்டி ராத்திரி எங்க தூங்கும்

இவி வாங்குறதுல ரேஞ்ச விட பெரிய கேள்வி இதுதான்னு நான் உறுதியா நம்புறேன். நிறுத்துற இடத்துல உங்க மீட்டர்ல இருந்து கரண்ட் வருமா? வரும்னா பாதி கவலை முடிஞ்சது. 230 வோல்ட் சாதா பாயிண்ட்ல 10 ஆம்பியர்ல போட்டா கூட 8 மணி நேரத்துல 18 யூனிட், சார்ஜ் ஆகும்போது சூடா போற இழப்பு கழிச்சு 16 யூனிட் உள்ள போகும், டவுன்ல 120 கிலோமீட்டர். உங்க நோட்டுல தினசரி தூரம் 40, 50 தான்னா பெரிய சார்ஜரே தேவையில்ல. 7 கிலோவாட் சார்ஜர் மாட்டுறதுக்கு முன்னாடி வீட்டு கனெக்ஷன் லோடு தாங்குமான்னு கேட்டுக்கோங்க.

வயரிங்ல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. சார்ஜிங்க்கு மெயின் பாக்ஸ்ல இருந்து தனி லைன், தனி எம்சிபி (லோடு கூடுனா தானா அணையுற சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணையுற சுவிட்ச்), சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், இஸ்திரிப்பெட்டி 10 நிமிஷம் ஓடும், கார் 8 மணி நேரம் தொடர்ந்து இழுக்கும், லூசான பிளக் உருகிடும். முதல் வாரம் ஒரு மணி நேரம் கழிச்சு பிளக்க தொட்டு பாருங்க, கை வைக்க முடியாத சூடு இருந்தா நிறுத்திட்டு எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க.

நிறுத்துற இடத்துல கரண்ட் இல்லாம, வெளி சார்ஜர மட்டுமே நம்பி வாங்குறதா இருந்தா கணக்க இன்னொரு தடவ போடுங்க. 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கிற வண்டிக்கு பதிலா இவி வந்தா, இழப்பையும் சேத்து மீட்டர்ல 15 யூனிட் ஓடும். அதாவது ஒரு லிட்டர் காசுக்கு உங்களுக்கு ரெண்டேகால் யூனிட்டுக்கு மேல கிடைச்சா இவி ஓட்ட மலிவு. வீட்டு கரண்ட் அத சுலபமா தாண்டும், ஃபாஸ்ட் சார்ஜர் ரேட் சில இடத்துல தாண்டாது. வாங்குற விலையில இருக்குற வித்தியாசத்த 100 கிலோமீட்டருக்கு கிடைக்கிற மிச்சத்தால வகுத்தா எத்தன நூறு கிலோமீட்டர்ல போட்ட காசு திரும்பும்னு வந்துடும், அத நோட்டுல இருக்குற வருஷ ஓட்டத்தோட வச்சு பாருங்க. வருஷத்துக்கு 4000 கிலோமீட்டர் கூட ஓட்டாதவங்க, நல்லா ஓடுற வண்டி கையில இருந்தா, அதையே டயர் காத்து பாத்து ஓட்டுங்கன்னுதான் நான் சொல்லுவேன். புது வண்டி மேல விழுற தேய்மானம்தான் கார் வச்சிருக்குறதுல பெரிய செலவு, பெட்ரோல் இல்ல.

புகை கணக்கையும் நேர்மையா போடணும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு, அந்த லிட்டரோட எடையே முக்கால் கிலோதான், மீதி காத்துல இருந்து சேர்ற ஆக்ஸிஜன். 7 லிட்டருக்கு 16 கிலோ. 15 யூனிட் கரண்ட முழுக்க நிலக்கரில எடுத்தா யூனிட்டுக்கு ஒரு கிலோ கிட்ட, அதாவது 15 கிலோ, பெருசா வித்தியாசம் இல்ல, எண்ணெய் எடுத்து சுத்திகரிக்கிற கணக்கும் பேட்டரி செய்ற கணக்கும் ரெண்டு பக்கமும் தனியா இருக்கு. ஆனா கரண்ட்ல காத்தாலையும் சோலாரும் அணையும் சேர சேர இவியோட கணக்கு வருஷா வருஷம் தானா குறையும், பெட்ரோல் வண்டிக்கு அந்த வாய்ப்பே இல்ல, எனக்கு இதுதான் பெரிய காரணம். ஸ்கூல் வாசல்ல வண்டி நிக்கும்போது புள்ளைங்க மூஞ்சிக்கு நேரா புகை போகாதுங்குறது இன்னொன்னு.

பேட்டரி

என்ன வகைன்னு கேட்டு வாங்குங்க. எல்எஃப்பி (இரும்பு, பாஸ்பேட் சேத்து செய்ற லித்தியம் பேட்டரி)ன்னா கொஞ்சம் கனம், ஆனா ஆயுசு கூட, சூட்டுக்கு பயம் கம்மி, தினமும் 100 ஏத்துறதுல பெரிய பயம் இல்ல, நிறைய கம்பெனி வாரத்துக்கு ஒரு தடவையாவது 100 ஏத்த சொல்றாங்க, அப்பதான் மீதி எவ்ளோன்னு காட்டுற மீட்டர் சரியா காட்டும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேத்து செய்றது)ன்னா எடைக்கு அதிக ரேஞ்ச், ஆனா தினசரிக்கு 80ல நிறுத்துங்க, பயணத்துக்கு மட்டும் 100. எந்த வகையா இருந்தாலும் 100 ஏத்திட்டு வெயில்ல நாள்கணக்கா நிறுத்தாதீங்க, ஊருக்கு போறீங்கன்னா பாதி சார்ஜ்ல நிழல்ல விட்டுட்டு போங்க. வாரண்டி பெரும்பாலும் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், பேட்டரி புடிக்கிற சார்ஜ் புதுசுல இருந்ததுல 70 சதவீதத்துக்கு கீழ போனாதான் மாத்தி தருவாங்க, உங்க மாடலுக்கு என்னன்னு புக்ல படிங்க. பழைய இவி வாங்குறவங்க ஓடோமீட்டர விட பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட்ட மொதல்ல கேளுங்க, தரமாட்டேன்னா வேற வண்டி பாருங்க.

பெரிய பேட்டரி இருந்தாலும் இவிலயும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கும், கதவு பூட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் அதுலதான், அது செத்தா பெரிய பேட்டரில 90 சதவீதம் இருந்தாலும் வண்டி கிளம்பாது. சர்வீஸ்ல அத செக் பண்ண சொல்லுங்க. டயர் சீக்கிரம் தேயும், கனமும் இழுவையும் அதிகம். நிறைய மாடல்ல ஸ்டெப்னி கிடையாது, வெறும் பஞ்சர் கிட்தான், டிக்கிய தூக்கி பாத்துட்டு வாங்குங்க.

முதல் நீண்ட பயணம் போகும்போது வீட்ல 100 ஏத்திட்டு கிளம்புங்க, 160 கிலோமீட்டர்லயே முதல் நிறுத்தம் வைங்க, 200 வரைக்கும் இழுக்காதீங்க. நிறுத்தப்போற சார்ஜர் வேலை செய்யுதான்னு ஆப்ல அன்னைக்கு காலைல பாருங்க, அது ஓடலைன்னா 30 கிலோமீட்டருக்குள்ள இன்னொன்னு எங்க இருக்குன்னு எழுதி வச்சுக்கோங்க, நாலஞ்சு கன் (வண்டியில சொருகுற சார்ஜர் முனை) இருக்குற இடமா பாத்து வைங்க, ஒரே ஒரு கன் இருக்குற இடத்துல முன்னாடி ஒரு வண்டி நின்னா முக்கால் மணி நேரம் போச்சு. சாப்பாட்டு நேரத்தையும் சார்ஜ் நேரத்தையும் ஒன்னா வச்சுகிட்டா காத்திருக்குற மாதிரியே தெரியாது. 80 வந்ததும் எடுத்துட்டு அடுத்தவங்களுக்கு இடம் விடுங்க, எத்தன யூனிட் ஏறுச்சு, எத்தன கிலோமீட்டர் வந்தோம்னு அங்கயே நோட்டுல எழுதிடுங்க.